நாமத்துக்குக் கீழே

திருப்பதி,
12 ஜூலை 2024

அன்புள்ள நைனாவுக்கு,

மோகனப்ரியா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் முடிந்துவிட்டதா? பாய்லர் பக்கத்தில் நின்று நின்று உங்களுக்கு வரும் கால் எரிச்சல் இந்த வருஷமாவது குறைந்ததா?

ஒன்றரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற பெண், கையில் போனை வைத்துக்கொண்டு தபாலில் எழுதுகிறாளே, என்ன ஆபத்தோ என்று பதறவேண்டாம். ஜூன் இருபத்துமூன்றாம் தேதி உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். பத்தொன்பது நாளாகிறது, நீங்கள் அதைத் திறக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "உங்க நைனா போன்ல ஒரு நாளிக்கு எண்ணூறு மெசேஜ் வருது, எல்லாம் ரசிகர் சங்கத்துது. உன்னுது எந்த மூலையில கெடக்குதோ" என்றாள். போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்கிறீர்கள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை.

அப்போதுதான் தோன்றியது. இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உங்கள் அண்ணனுக்குத் தபாலில் கடிதம் எழுதுகிற ஆள் நீங்கள். உங்களைவிட நாலு வயது சின்னவரான ஒரு சினிமா நடிகரை அண்ணன் என்று கூப்பிட்டு, பெயரைச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று வாயால்கூடச் சொல்லாதவர். ஆகவே கடிதம் என்றால் பிரித்துப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மெசேஜில் சொன்னது இதுதான். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்த நேரம் போக நான் வரைந்த படங்களை எல்லாம் வைத்துக் கண்காட்சி நடத்தப் போகிறேன். கபிலதீர்த்தம் ரோட்டில் ஒரு பழைய லாட்ஜின் மாடி ஹாலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரியில் நடக்கும். எனக்கு மட்டுமேயான கண்காட்சி இதுதான் முதல்.

ஒரு சின்ன உதவி. நீங்கள் தாடி வைப்பதற்கு முன்னால் எடுத்த போட்டோ ஏதாவது பெட்டியில் இருந்தால் அனுப்புங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கும்,
மோகனா


சித்தூர்,
2 ஆகஸ்ட் 2024

என் அருமை மகள் மோகனாவுக்கு உன் நைனா வேதாச்சலம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் திருமலையான் புண்ணியத்தில் சவுக்கியம். கால் எரிச்சல் அப்படியேதான். அது கூடப்பிறந்த மாதிரி ஆகிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்று தபால்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்த வீட்டிலிருந்து கடிதம் போய்த்தான் அவருக்குப் பழக்கம், வந்து பழக்கமில்லை. உடனே பதில் போட உட்கார்ந்தேன். வரவில்லை. அண்ணனுக்குத் தெலுங்கில்தான் எழுதுவேன், அது தண்ணீர் பட்ட பாடு. தமிழில் கடிதம் என்று எழுதியது கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவுக்கு எழுதியதுதான். அதற்குப் பிறகு இதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கண்காட்சி செய்தி கேட்டு மார்பு நிமிர்ந்தது. சங்கத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஹரிபாபு, நம் டவுன் கிளைச் செயலாளர், நல்ல துடிப்பான பிள்ளை, உடனே ஃப்ளெக்ஸ் வைத்துவிடலாம் என்றான். நான் மாவட்டச் செயலாளர், என் மகள் கண்காட்சிக்கு ஃப்ளெக்ஸ் இல்லாமலா? ஒரு ஓரத்தில் அண்ணன் படம், இன்னொரு ஓரத்தில் உன் படம். யோசித்துச் சொல்.

செப்டம்பரில் அண்ணன் பிறந்தநாள். ரத்த தான முகாம், அன்னதானம், கட்அவுட், பாலாபிஷேகம் என்று தலைக்கு மேல் வேலை. முடித்துவிட்டு நிதானமாக எழுதுகிறேன். போட்டோவைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.

உன் நைனா,
வே. வேதாச்சலம்,
மாவட்டச் செயலாளர்


திருப்பதி,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். கடிதம் கிடைத்த அன்று வகுப்பில் ஒரு பிள்ளை யானைக்கு ஐந்து கால் போட்டிருந்தது, அதைக்கூட நான் திட்டவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஒன்று. சங்கத்து லெட்டர்ஹெட்டில் எழுதியிருக்கிறீர்கள். உறையைப் பிரித்ததும் என்னைப் பார்த்து முதலில் சிரித்தவர் உங்கள் அண்ணன்தான். கலரில், கூலிங் கிளாஸோடு, தாளில் கால்வாசியை அவரே எடுத்துக்கொண்டார். கீழே மாவட்டச் செயலாளர் என்று முத்திரை வேறு. என்னோடு அறையில் இருக்கும் ரேகா, மனுப் போட்டதற்குப் பதில் வந்திருக்கிறதா என்று கேட்டாள். அடுத்த தடவை ஒரு கோடு போட்ட காகிதத்தில் எழுதினால் போதும்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம் நைனா. நீங்கள் வந்தால் போதும். ஜனவரி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை திறப்பு. இப்போதே சொல்லிவிட்டேன், காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

மறக்காமல் போட்டோ.

மோகனா


சித்தூர்,
20 செப்டம்பர் 2024

என் அருமை மகள் மோகனாவுக்கு நைனா ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? எனக்குத் தொண்டைதான் கட்டியிருக்கிறது. கோஷம் போட்டது. உன் அம்மா மிளகுக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே திட்டுகிறாள். திட்டு இருமலுக்கு நல்லது போலிருக்கிறது.

பிறந்தநாள் அமோகம். அறுபது அடிக் கட்அவுட். பாலாபிஷேகம் பண்ண ஏணி ஏறப் போனேன், பிள்ளைகள் விடவில்லை. வயதாகிறதாம். போகட்டும். அண்ணனுக்கு இந்த வருஷக் கடிதத்தில் உன் கண்காட்சியைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். பதில் வராது என்று தெரியும். இருபத்தெட்டு கடிதத்துக்கு ஒரு தடவை கையெழுத்து அச்சடித்த போட்டோ வந்தது, அவ்வளவுதான். ஆனால் படித்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். கோடிப் பேர் எழுதுகிறார்கள், அவர் என்ன செய்வார்.

உன் அம்மா பெட்டியைக் குடைந்து ஒரு போட்டோ எடுத்தாள். இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். கட்அவுட்டுக்கு மாலை போட ஏறி, சாரக்கட்டை மூங்கில் முறிந்து விழுந்து முகவாயில் மூன்று தையல் போட்டார்களே, அதற்கு மறு வாரம் எடுத்தது. தையல் பளிச்சென்று தெரியும். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் அண்ணன் தாடியோடு நடித்த படம் வந்தது. நானும் வைத்தேன், தழும்பு மறைந்தது. அண்ணன் கொடுத்த தழும்பை அண்ணன் கொடுத்த தாடியே மூடிவிட்டது என்று சங்கத்தில் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கோடு போட்ட காகிதம் கைவசம் இல்லை. லெட்டர்ஹெட் ஆயிரம் அடித்து வைத்திருக்கிறோம். அண்ணனைக் கோபிக்காதே.

உன் நைனா,
வே. வேதாச்சலம்


திருப்பதி,
14 நவம்பர் 2024

அன்புள்ள நைனாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டதா? இங்கே மழை. மலை நாலு நாளாகத் தெரியவில்லை. எனக்கு லேசாகச் சளி, மற்றபடி நலம்.

போட்டோ கிடைத்தது. இரண்டு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை. பெரிய படத்தை முடித்துவிட்டேன். ஆறடி உயரம். அதைப் பற்றி உங்களிடம் சொல்லவேண்டும்.

மூலஸ்தானம் மாதிரி ஓர் இருட்டு. விளக்கு வெளிச்சம். அதில் ஒருவர் சினிமா நாயகன் நிற்கிற மாதிரி நிற்கிறார். தோளிலிருந்து பாதம்வரை ஆள் உயர மாலை. கிட்டப் போனால் பூ இல்லை, எல்லாம் போன் திரை. கூலிங் கிளாஸ் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய வெள்ளை நாமம், இரண்டு கண்ணையும் மூடி. கீழே ஜனங்கள், கற்பூரத் தட்டுப் பிடிக்கிற மாதிரி போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சஃபாரி சூட் போட்ட காவலர்கள், மலையில் தள்ளிவிடுவார்களே, அதேபோல 'ஜருகண்டி ஜருகண்டி' என்று தள்ளுகிறார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண், கையில் சுருட்டிய தாள்.

கோபம் வருகிறதா? வரட்டும். சாமி கண்ணை நாமத்தால் மறைப்பது அந்தப் பார்வையை நம்மால் தாங்க முடியாது என்பதால் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இந்த நாயகன்களின் கண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது. அவர்கள் என்றைக்குமே நம்மைப் பார்த்ததில்லை. நாம்தான் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், வீட்டில் இருக்கிறவர்களைப் பார்க்கவேண்டிய நேரத்தையும் சேர்த்து.

வியாழக்கிழமை நாமத்தைச் சுருக்குவார்கள், அன்றைக்குச் சாமியின் கண் தெரியும், உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு தடவை சொன்னீர்கள். எனக்குப் பத்து வயது. புதுப் பாவாடை கட்டி, தலை பின்னி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஹைதராபாத்தில் ஏதோ பாட்டு வெளியீட்டு விழா என்று போய்விட்டீர்கள். நான் இங்கே மலை அடிவாரத்தில், அலிபிரிக்குப் பக்கத்திலேயே ஆறு வருஷமாக இருக்கிறேன். வியாழக்கிழமை மட்டும் மலை ஏறியதில்லை.

படத்தில் இருக்கும் முகம் யாருடையது என்று கடிதத்தில் சொல்லமாட்டேன். நேரில் வந்து பாருங்கள்.

மோகனா


சித்தூர்,
30 டிசம்பர் 2024

மகள் மோகனாவுக்கு நைனா எழுதிக்கொண்டது. சளி விட்டதா? வெந்நீர் குடி. இங்கே குளிர், உன் அம்மாவுக்கு முட்டி வலி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் படத்துக்குத் தேதி அறிவித்துவிட்டார்கள். ஜனவரி பன்னிரண்டு. அதே ஞாயிற்றுக்கிழமை. காலையில் ரசிகர்களுக்கென்று முதல் காட்சி, பெனிஃபிட் ஷோ. மாவட்டச் செயலாளர் இல்லாமல் முதல் தேங்காய் உடையாது. மூன்று வருஷம் கழித்து வருகிற படம். நான் என்ன செய்யட்டும் சொல். உன் அம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்புகிறேன். நான் மறுவாரம் கட்டாயம் வருகிறேன்.

நீ எழுதிய படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாமம், நாயகன் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். படித்தவள், உனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் முகம் தெரிகிற மாதிரி மட்டும் போட்டுவிடாதே. எனக்கு ஒன்றுமில்லை, நான் பெற்றவன். பிள்ளைகள் கோபக்காரர்கள்.

பாவாடை கட்டி உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இல்லை. உன் அம்மாவைக் கேட்டேன். பச்சைப் பாவாடை என்றாள்.

உன் நைனா


திருப்பதி,
29 ஜனவரி 2025

நைனாவுக்கு,

திறப்பு அன்றைக்கு அம்மா வந்தாள். அந்தப் படத்துக்கு எதிரில் அரைமணி நேரம் நின்றாள். மறுவாரம் வருகிறேன் என்றீர்கள். அந்த ஞாயிறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ போனில் படம் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அதன் பிறகு என் போனுக்கு வந்ததை எல்லாம் உங்களுக்கு எழுத மாட்டேன். சிம்மைக் கழற்றி வைத்துவிட்டேன். பள்ளியில் கொஞ்ச நாள் வரவேண்டாம், விஷயம் ஆறட்டும், ஆறாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. தன்மையாகத்தான் பேசினார். எங்கள் நாயகனைக் கேவலப்படுத்திவிட்டாள், படத்தை எடுத்துப் போடவேண்டும், நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று சித்தூரிலிருந்து புகார் மனு வந்திருக்கிறது என்று காட்டினார். லெட்டர்ஹெட் எனக்குப் பழக்கமானது. நாற்பது கையெழுத்து. முதல் கையெழுத்து உங்களுடையது.

என் ரிப்போர்ட் கார்டில் பத்து வருஷமும் அம்மாதான் கையெழுத்துப் போட்டாள். உங்கள் கையெழுத்தை எனக்காக ஒரு காகிதத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

லாட்ஜ்காரர் படத்தை வேட்டியால் மூடி வைத்திருக்கிறார். முடிவு தெரியும்வரை திறக்கக்கூடாதாம்.

மோகனப்ரியா


சித்தூர்,
14 பிப்ரவரி 2025

மோகனாவுக்கு அம்மா செங்கமலம் எழுதறது. சோறு ஒழுங்கா துன்றியா. எனுக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும், சிரிக்காத.

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சி. உங்க நைனா படிச்சாரு, மடிச்சி சட்டைப் பையில வச்சாரு. அன்னிலேருந்து பேசல. சங்கத்துக்கும் போவல. போன் அடிச்சிக்கினே கெடக்குது, எடுக்கறதில்ல. கையெழுத்து போட்டது எனக்கே உன் லெட்டர்லதான் தெரிஞ்சிது. தெரிஞ்சிருந்தா அந்தப் பேனாவ ஒடச்சிருப்பன்.

நேத்து ஹரிபாபு வந்தான். பெரிய ஆபீசர்கிட்ட இன்னொரு மனு குடுக்கணும், நீங்கதான் மொதல்ல நிக்கணும்னு. போன்ல உன் படத்தப் பெரிசு பண்ணிக் காட்டினான். பாருங்க மாமா, நாமம் போட்டு மறச்சாலும் அண்ணன்னு சின்னக் கொழந்தையும் சொல்லும்னான். நான் டீ எடுத்துக்கினு வந்தவ நின்னுட்டன். யாருன்னு சொல்லாத, அவரே வந்து பாக்கட்டும்னு தெறப்பு அன்னிக்கி நீ என் கையப் புடிச்சி சத்தியம் வாங்கின. ஒரு மாசமா வாய மூடிக்கினு இருந்தன். அதுக்கு மேல முடியல. உங்க நைனாவப் பாத்து, "இந்த வெட்டு யாருதுன்னு தெரியலயா உனுக்கு? மூணு தையல். நாந்தான் மருந்து போட்டன்" அப்டின்னுட்டன்.

அவரு போன வாங்கிப் பாத்தாரு. கை தானா தாடிக்குப் போச்சி. ஹரிபாபுக்கு ஒண்ணும் புரியல, அப்புறம் வரன்னு போயிட்டான். அவன் போனதும் உங்க நைனா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "கண்ண ஏன் மூடிட்டா?" எனுக்கு இன்னா தெரியும். அவளையே கேளுன்னன்.

சத்தியம் தவறினதுக்கு கற்பூரம் ஏத்திடறன். நீ ஒடம்பப் பாத்துக்கோ.

அம்மா


சித்தூர்,
7 மார்ச் 2025

என் மகள் மோகனாவுக்கு நைனா எழுதுவது. நீ சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நான் இருக்கிறேன்.

கோடு போட்ட நோட்டு வாங்கி நாலு நாளாயிற்று. ஏழெட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்றைக்கு எப்படியும் முடித்துவிட வேண்டும்.

முதலில் கையெழுத்து. நான் போட்டுக் கொடுத்தால் காகிதத்தோடு நின்றுவிடும், போடாவிட்டால் பிள்ளைகள் கல்லோடு போவார்கள் என்று நினைத்துப் போட்டேன். உன் அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன். அது பொய். அந்த நேரத்தில் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. மேஜையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மகளென்று விட்டுக்கொடுக்கிறாரா பார்ப்போம் என்று. எனக்குப் பதவிதான் முன்னால் நின்றது. நீ வரைந்ததை நான் பார்த்திருக்கக்கூட இல்லை.

புதன்கிழமை அலிபிரியிலிருந்து நடந்து மலை ஏறினேன். உன் தெரு முனையைத் தாண்டித்தான் போனேன். நின்றேன். உன் ஜன்னல் எது என்று தெரியவில்லை. உன்னைப் பார்க்க எனக்கு முகமில்லை, அதனால் போய்விட்டேன். வியாழன் காலையில் முடி கொடுத்தேன். நாவிதர் தலையைச் சிரைத்துவிட்டு, தாடியுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபது வருஷத்துக்கு அப்புறம் முகவாயில் காற்றுப் பட்டது. தடவிப் பார்த்தால் தழும்பு அங்கேயே இருக்கிறது, ஒரு நூல் குறையவில்லை.

தரிசனம் ஆயிற்று. வியாழக்கிழமை, நாமம் சுருங்கியிருந்தது. கண் தெரிந்தது. ஒரு மூச்சு நேரம்தான், ஜருகண்டி என்று நகர்த்திவிட்டார்கள். கும்பிட மறந்துவிட்டேன். பச்சைப் பாவாடைதான் ஞாபகம் வந்தது.

இறங்கி லாட்ஜுக்குப் போனேன். நீ சாயங்காலம்தான் அங்கே வருவாய் என்று உன் அம்மா சொல்லித் தெரிந்துதான் அந்த நேரம் போனேன். வாட்ச்மேன் பக்கிரிசாமி திறக்க முடியாது என்றார். நான் முகவாயைக் காட்டினேன். என்னைப் பார்த்தார், படத்தின் மேலிருந்த வேட்டியை உருவினார். ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். அங்கே என்னை நகரச் சொல்ல யாரும் இல்லை.

இருபத்தெட்டு வருஷம் நான் ஒரு க்யூவில் நின்றேன் மோகனா. முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். எனக்குப் பின்னாலும் ஒரு க்யூ இருந்தது எனக்குத் தெரியாது. அதில் நின்றது ஒரே ஒரு ஆள், கையில் சுருட்டிய தாளோடு. அந்தத் தாள் பள்ளியில் பரிசு வாங்கிய டிராயிங்தானே? நான் மூங்கிலில் இருந்து விழுந்த அன்றைக்குத்தான் உன் பரிசளிப்பு என்று உன் அம்மா இப்போது சொல்கிறாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அங்கிருந்தே ஹரிபாபுவைக் கூப்பிட்டேன். பஸ் பிடித்து வந்தான். படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "மாமா, இது நீங்களா?" என்றான். பாவம், அவனுக்கு யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். இந்தப் படத்தில் இருப்பது எந்த நடிகரும் இல்லை, நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. போனில் இருந்த படத்தை என் முகவாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன் முகத்தை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று நீயே முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே ஐயா என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். பள்ளிக்கூடத்துக்கும் அவரே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

மிச்சமிருந்த லெட்டர்ஹெட்டை ஹரிபாபுவிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் அவன்தான் செயலாளர். அண்ணன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

கண்ணை ஏன் மூடினாய் என்று உன்னைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. நான் பார்த்திருந்தால் நீ திறந்து வைத்திருப்பாய். ஆனாலும் ஒரு பெரிய கோயிலிலேயே வாரத்துக்கு ஒருநாள் நாமத்தைச் சுருக்குகிறார்கள். நீயும் கொஞ்சம் சுருக்கக் கூடாதா, மகளே?

உன் நைனா


திருப்பதி,
11 மார்ச் 2025

அன்புள்ள நைனாவுக்கு,

நலம். பள்ளிக்கூடம் பழையபடி போகிறேன். மொட்டைத் தலையில் வெயில் படாமல் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

பக்கிரிசாமி அன்றைக்குச் சாயங்காலமே என்னிடம் சொன்னார். உங்கப்பா வந்தாரும்மா, நீ வரைந்த மாதிரியே இருக்கிறார் என்றார். என் தெரு முனையில் நின்றீர்கள் என்பதைக் கடிதத்தில் படித்துவிட்டு இறங்கிப் போய் அந்த முனையில் கொஞ்ச நேரம் நின்றேன். பைத்தியக்காரி மாதிரிதான்.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். நாமத்தை நான் கடைசியில்தான் போட்டேன். நீங்கள் அனுப்பிய போட்டோவில் முகவாய் நன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் அண்ணாந்து கட்அவுட்டைப் பார்க்கிறீர்கள். கண் தெரியவில்லை. சரி, ஞாபகத்திலிருந்து வரையலாம் என்று உட்கார்ந்தேன். மூக்கு வந்தது, உதடு வந்தது, தழும்பு வந்தது. கண் வரவில்லை. நாலு தடவை போட்டு நாலு தடவை அழித்தேன். என்னை நேராகப் பார்க்கும்போது உங்கள் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை நைனா. அதனால்தான் வெள்ளையை அள்ளிப் பூசினேன். பார்த்தவர்கள் ரசிக மோகத்துக்குச் சரியான சாட்டையடி என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் முதல் காரணம் இதுதான்.

கண்காட்சி பதினைந்தாம் தேதி முடிகிறது. படம் என் அறைக்கு வந்துவிடும். இருபதாம் தேதி வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். தெரு முனையிலிருந்து மூன்றாவது வீடு, மாடி, நீல ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் வரைந்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எவ்வளவு நேரமானாலும் நகரச் சொல்ல மாட்டேன்.

உங்கள் மகள்,
மோகனா